பெங்களூர் நண்பர் வீட்டில் இரண்டு இரவு: மதுரையிலிருந்து ஹம்பிக்குக் காரில் செல்வோருக்கு

மதுரையிலிருந்து ஹம்பிக்குக் காரில் புறப்படுகிறவர்களுக்குப் பெங்களூர் வழியிலேயே இருக்கிறது. அங்கே கல்லூரித் தோழர் ஒருவர் குடியிருந்தால், "போகிற வழிதானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பெங்களூரில் ஒருவரை எட்டிப் பார்ப்பது நடவாத காரியம். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் நாள்கள் உண்டு. வாரம் முழுவதும் அந்த நெரிசலில் அலுவலகம் சென்று திரும்பும் நண்பரிடம், புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறோம் என்று சொல்வது அன்பாகாது. எனவே நண்பருடைய ஓய்வு நாளை முதலில் கேட்டறிந்து, பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நண்பகலில் போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை விடியலில் கிளம்புவதே நான் கண்டவரையில் இரு வீட்டாருக்கும் உகந்த ஏற்பாடு.

பத்து நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறதா, யாருக்கேனும் இரவுப் பணி உண்டா, காரை எங்கே நிறுத்துவது என்ற மூன்றையும் தயங்காமல் கேட்க வேண்டும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விருந்தினர் வண்டிக்கு இடமிருப்பதில்லை. இருந்தாலும் வண்டி எண்ணை முன்கூட்டியே வாயிற்காவலரிடம் பதிவு செய்யச் சொல்வார்கள். அந்த எண்ணை முதல் நாளே நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். இடமே இல்லை என்றால், அருகில் வாகனம் நிறுத்தும் வசதியுள்ள விடுதியில் தங்கிக்கொண்டு, பகலை நண்பர் வீட்டில் கழிப்பதில் குறையொன்றும் இல்லை.

நண்பரின் பெற்றோர் மதுரையிலேயே இருந்தால், புறப்படுவதற்கு முந்தைய மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். சென்ற முறை நான் போனபோது, நண்பனின் அம்மா பருப்புப் பொடியை ஒரு பழைய எவர்சில்வர் தூக்கில் அழுத்தி நிரப்பி, மூடியின் மேல் துணி கட்டி, மணத்தக்காளி வற்றலைத் தனியே காகிதத்தில் பொதிந்து தந்தார். பெங்களூரில் அவன் அந்தத் துணி முடிச்சை அவிழ்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டான். அம்மா போடும் முடிச்சு அது. கடையில் வாங்கிச் செல்லும் எந்த இனிப்பும் அதற்கு ஈடாகாது. உங்கள் பங்குக்குத் திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளலாம். மல்லிகைப்பூ கொண்டு போவதானால், விரியாத மொட்டாக வாங்கி, வாழையிலையில் சுற்றி, வெயில் படாமல் வையுங்கள்.

சாலையைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தேசிய நெடுஞ்சாலை 44 நேரே கொண்டுபோய் விடுகிறது. தொலைவு சுமார் 430 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் காலை உணவைச் சேலத்தில் முடித்துக்கொள்ளலாம். ஃபாஸ்டேக்கில் போதிய பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட நேரும். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. போகும்போது ஏற்றம், லாரிகள் ஊர்ந்து செல்லும். திரும்பும்போது அதுவே நீண்ட இறக்கம். பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், நியூட்ரலில் உருட்டவே கூடாது.

கிருஷ்ணகிரியில் சென்னைப் பக்கத்து வண்டிகளும் வந்து சேர்வதால், அங்கிருந்து நெரிசல் கூடும். ஓசூரில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அங்கிருந்து நண்பருக்குச் செய்தி அனுப்புங்கள். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டியபின் வழிகாட்டும் செயலியின் நேரக்கணக்கை அப்படியே நம்பி, "இதோ வந்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டால், அவர்கள் இலை போட்டுக் காத்திருப்பார்கள். நகரின் தென்கோடியிலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டி தொடங்கி சில்க் போர்டு சந்திப்பு வரை செல்லும் மேம்பாலத்துக்குத் தனிச் சுங்கம் உண்டு. நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது செயலிக்குப் பல நேரங்களில் புரிவதில்லை. எனவே மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்பதை நண்பரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் முகவரி. இந்நகரின் குடியிருப்புகளில் தெருக்கள் மெயின், கிராஸ் என்று எண்களால் அழைக்கப்படுகின்றன. அதே எண்கள் ஒவ்வொரு செக்டாரிலும் ஸ்டேஜிலும் பிளாக்கிலும் திரும்பத் திரும்ப வரும். பதினேழாவது கிராஸ் என்று மட்டும் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. லொகேஷன் அனுப்பும்படி கேட்கும்போது, வீட்டுக்குள் அமர்ந்து அனுப்பாமல், கார் நுழைய வேண்டிய வாயிலில் நின்று அனுப்பச் சொல்லுங்கள். நான் இதைச் சொல்லத் தவறிய பயணத்தில், குடியிருப்பின் பின்மதிலுக்கு எதிரே நாற்பது நிமிடம் சுற்றினேன். நண்பனின் குரல் மதிலுக்கு அப்பால் கேட்டது, வழிதான் இல்லை. வாயிற்காவலரை "அண்ணா" என்று அழைத்துப் பேசலாம். கன்னடத்திலும் அண்ணன் அண்ணன்தான்.

வீட்டுக்குள் சென்றபின் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். 2024 கோடையில் இந்நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கண்டது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அப்போது அறிவித்தார்கள். இன்றும் டேங்கர் லாரியை நம்பி இருக்கும் குடியிருப்புகள் பல. எட்டு மணி நேரப் புழுதி படிந்த காரை அவர்கள் வீட்டுக் குழாயில் கழுவத் தொடங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரைத் தொடவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தட மெட்ரோ, பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் சாலையை ஒட்டியே சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு வரை செல்கிறது. அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக் பக்கம்தான். ஞாயிறன்று முதல் வண்டி காலை 7 மணிக்குத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லால்பாக் தோட்டத்தில் 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றி நடந்துவிட்டு, அங்குள்ள பெரும்பாறையின் மேல் ஏறி அமர்ந்தால் பேசுவதற்கு ஒரு முழுக் காலை கிடைக்கும். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு நண்பரை ஓட்ட வேண்டாம். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றுதான்; பகல் உணவுக்குப் பின் அவர் கண்ணயர்ந்தால் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்.

திங்களன்று ஐந்து மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிட வேண்டும். தெற்குப் பகுதியில் வசிக்கும் நண்பராயின், எலெக்ட்ரானிக் சிட்டி அருகே, நகரைச் சுற்றிச் செல்லும் நைஸ் சாலையில் ஏறி, நகருக்குள் நுழையாமலே துமகூரு சாலையை அடையலாம். அங்கிருந்து சித்ரதுர்கா, ஹொசபேட்டை வழியாக ஹம்பி. முந்தைய இரவே விடைபெற்றுக்கொண்டு, அவர்களை எழுப்பாமல் கிளம்புவதாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், காபி போட்டு வைத்திருப்பார்கள். நண்பரின் அம்மா கொடுத்தனுப்பிய தூக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். வெறும் பாத்திரமாக வராது, அவர்களே எதையாவது போட்டுத் தருவார்கள். ஊர் திரும்பிய வாரத்திலேயே அதை நண்பரின் அம்மாவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மகன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.