ஆர்டுயினோ ஊனோ, நானோ போர்டில் பூட்லோடர் நின்றுபோனால்

அப்லோட் கொடுத்ததும் ‘நாட் இன் சிங்க்’ என்ற வரி பத்து முறை ஓடிவிட்டு நின்றுபோகிறதா? உடனே பூட்லோடர் (யுஎஸ்பி வழியே வரும் நிரலை சிப்பில் எழுதும் சிறு நிரல்) மேல் பழி போட வேண்டாம். அந்தச் செய்திக்கு அர்த்தம் ஒன்றுதான்: கணினி கூப்பிட்டது, போர்டு பதில் சொல்லவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், தவறான போர்ட், சூடுபட்டுப் போன யுஎஸ்பி சிப் என எது காரணமானாலும் இதே வரிதான் வரும்.

முதலில் ரீசெட் பொத்தானை அழுத்தி விடுங்கள். ஊனோவின் பூட்லோடரான ஆப்டிபூட் உயிரோடு இருந்தால் போர்டிலுள்ள ‘எல்’ விளக்கு படபடவென்று மூன்று முறை சிமிட்டும். சிமிட்டினால் பூட்லோடரைத் திரும்ப எழுதும் (பர்ன் செய்யும்) பேச்சே வேண்டாம், கோளாறு வேறிடத்தில். 0, 1 பின்களில் புளூடூத் அல்லது ஜிபிஎஸ் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பிறகு ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்லோட் கொடுத்து, கம்பைல் முடிந்து ‘அப்லோடிங்’ என்று வரும் நொடியில் விடுங்கள். ஆப்டிபூட் காத்திருப்பது சுமார் 1 நொடிதான், அதனால் இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கலாம். கையால் செய்தால் ஏறுகிறது, தானாக ஏறவில்லை என்றால், போர்டைத் தானாக ரீசெட் செய்யும் டிடிஆர் கோட்டுக்கும் ரீசெட்டுக்கும் இடையிலுள்ள 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரைப் பாருங்கள்.

நானோ வைத்திருப்பவர்கள் ‘புரோசஸர்’ மெனுவில் ‘ஓல்ட் பூட்லோடர்’ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழையது 57600 பாட் வேகத்தில் பேசும், 2018 முதல் வரும் அசல் நானோக்களில் உள்ளது 115200-இல் பேசும். மலிவான நகல் போர்டுகளில் பெரும்பாலும் பழையதுதான் இருக்கும். செத்துவிட்டது என்று ஓரங்கட்டப்படும் நானோக்களில் பல இந்த ஒரே கிளிக்கில் எழுந்துவிடும்.

யுஎஸ்பி பக்கத்தைச் சோதிக்க, ரீசெட்டை ஒரு வயரால் கிரவுண்டோடு இணைத்து, 0, 1 பின்களை ஒன்றோடொன்று சேர்த்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யுஎஸ்பி சிப் மூன்றும் நலம். வராவிட்டால் இதற்கு மேல் இந்தக் கட்டுரை உதவாது.

இத்தனையும் தேறி, விளக்கு மட்டும் சிமிட்டவில்லை என்றால் பர்ன் செய்யலாம். இன்னொரு ஊனோ போதும். ஜம்பர் வயர், கெப்பாசிட்டர், தனி சிப் வாங்க, சிங்கப்பூரில் ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவருக்குப் போங்கள். பெயரைப் பார்த்து சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்துவிடாதீர்கள், அங்கே கணினிச் சாமான்கள்தான் மிகுதி. வீட்டில் கிடக்கும் பழைய ஜம்பர் வயர்களை நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் முனைகள் கறுத்து, மீட்டரில் தொடர்பு காட்டினாலும் ஆட்டினால் விட்டுப்போகும்.

நல்ல ஊனோவில் ‘எக்ஸாம்பிள்ஸ்’ பட்டியலிலுள்ள ‘ஆர்டுயினோ ஐஎஸ்பி’ ஸ்கெட்ச்சை (நிரலை) ஏற்றுங்கள், அது அந்த ஊனோவை பர்ன் செய்யும் கருவியாக்கும். ஏற்றி முடித்த பிறகே, முன்பு அல்ல, அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் போடுங்கள், மைனஸ் கால் கிரவுண்டில். இது இல்லாவிட்டால் அவ்வூனோ தானே ரீசெட் ஆகி, கட்டளை அதன் சொந்த பூட்லோடருக்குப் போய்விடும். வயர்கள்:

10 → கெட்ட போர்டின் ரீசெட்
11 → 11
12 → 12
13 → 13
5 வோல்ட், கிரவுண்ட் → அதே பெயருள்ள இடங்கள்

‘டூல்ஸ்’ மெனுவில் போர்ட் நல்ல ஊனோவுடையது, போர்டு பழுதானதுடையது. புரோகிராமர் ‘ஆர்டுயினோ அஸ் ஐஎஸ்பி’. நடுவில் ‘அஸ்’ இல்லாத பெயரும் பட்டியலில் உண்டு, அது வேறு கருவி. இப்போது ‘பர்ன் பூட்லோடர்’. நானோவுக்கும் போர்டு ‘ஊனோ’ என்றே வைத்து பர்ன் செய்யலாம், அதுவே நல்லது. ஸ்கெட்ச்சுக்கு 30720 பைட்டுக்குப் பதில் 32256 பைட் கிடைக்கும். பிறகு எப்போதும் ‘ஊனோ’ என்றே தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர், 328பி சிப்புக்குரிய 1ஈ 95 0எஃப் என்று வர வேண்டும். 1ஈ 95 14 என்றால் அது ‘பி’ இல்லாத 328, 1ஈ 95 16 என்றால் 328பிபி. சிப் கெடவில்லை, போர்டு தேர்வுதான் பொருந்தவில்லை. எல்லாம் பூஜ்யமாக வந்தால் முதலில் வயர், அடுத்து மின்சாரம், கடைசியாக கிளாக். யாரோ ஃப்யூஸை (சிப்பின் அடிப்படை அமைப்பைச் சொல்லும் பிட்களை) வெளிக் கிளாக்குக்கு மாற்றி வைத்திருந்தால் கிரிஸ்டல் இருந்தும் சிப் ஊமையாகிவிடும். இன்னொரு போர்டிலிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை (சாக்கெட்டில் செருகும் சிப்பானால்) அதன் 9-ஆம் காலில் கொடுத்துக்கொண்டே பர்ன் செய்தால் எழுந்துவிடும்.

ஊனோவுக்குச் சரியான ஃப்யூஸ்: லோ எஃப்எஃப், ஹை டிஈ, எக்ஸ்டெண்டட் எஃப்டி. ஹை மதிப்பு டிஎஃப் என்று இருந்தால் பூட்லோடர் உள்ளே பத்திரமாக இருந்தும் ரீசெட்டில் யாரும் அதை அழைப்பதில்லை, நேரே ஸ்கெட்ச்தான் ஓடும்.

ஏன் அழிந்தது என்று தெரியாமல் போர்டைத் திரும்ப மாட்டினால் அடுத்த வாரமும் இதே வேலைதான். முதல் சந்தேகம் ‘அப்லோட் யூசிங் புரோகிராமர்’. அது சிப்பை முழுக்கத் துடைத்துவிட்டு ஸ்கெட்ச்சை மட்டும் எழுதும். காலியான பூட் பகுதியைக் கடந்து சிப் தொடக்கத்துக்கே வந்துவிடுவதால் ஸ்கெட்ச் ஒழுங்காக ஓடும், அடுத்து யுஎஸ்பி வழியே அனுப்பும்போதுதான் குட்டு உடையும்.

இரண்டாவது, மின்னழுத்தச் சரிவு. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட இந்த சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட் தேவை. எஃப்டி ஃப்யூஸோ 2.7 வோல்ட்டில்தான் சிப்பை நிறுத்தும். இடைப்பட்ட அழுத்தத்தில் சிப் தாறுமாறாக ஓடி ஃப்ளாஷில் எழுதும் கட்டளைக்குள்ளேயே நுழையக்கூடும். மோட்டாரையும் ரிலேயையும் தனி மின்வழங்கியில் போடுங்கள், கிரவுண்ட் மட்டும் பொது. எக்ஸ்டெண்டட் ஃப்யூஸை எஃப்சி ஆக்கினால் வரம்பு 4.3 வோல்ட்டாக உயரும், ஆனால் யுஎஸ்பி மின்சாரம் மெலிந்தால் அடிக்கடி ரீசெட் ஆகும். கையால் கட்டளை கொடுத்து பர்ன் செய்பவர்கள் லாக் பிட் 0எஃப் எழுத மறப்பதுண்டு. ஐடிஇ (ஆர்டுயினோ மென்பொருள்) அதைத் தானே எழுதி பூட் பகுதியைப் பூட்டிவிடும்.

பழைய பூட்லோடர் உள்ள நானோவில் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) பயன்படுத்தினால், ரீசெட்டுக்குப் பிறகும் அது அணையாமல் சிப்பை முடிவில்லாமல் ரீசெட் செய்யும், ‘எல்’ விளக்கு வேகமாகத் துடிக்கும். பூட்லோடர் அழியவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்டிபூட்டுக்கு மாறுவதே தீர்வு.

ரீசெட் காலையே முடக்கும் ஃப்யூஸ் விழுந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. 12 வோல்ட் கொடுக்கும் புரோகிராமர் தேவை. சாக்கெட் உள்ள ஊனோ என்றால், சிப்பின் தலைப்பக்க வெட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துவைத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, பூட்லோடர் ஏற்றிய புது 328பி-யைச் செருகிவிடுங்கள்.