'கே' என்ற ஆங்கிலச் சொல்: படிக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு நாளிதழின் குற்றச்செய்தியில் 'உல்லாசமாக இருந்தனர்' என்று வந்தால் யாரும் சுற்றுலாவை நினைப்பதில்லை. இலங்கையில் 'உல்லாசப் பயணிகள்' என்றால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அதில் விரசம் துளியும் இல்லை. சொல் ஒன்றுதான். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது, எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்து நாம் தடுமாறாமல் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தின் 'கே' (gay) என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கும் இதே கவனம் தேவைப்படுகிறது. அது கிடைக்காத இடங்களில்தான் பிழைகள் நேர்கின்றன.

இரண்டே பொருள் என்று எண்ணுவது

'அந்தக் காலத்தில் மகிழ்ச்சி, இந்தக் காலத்தில் தன்பாலீர்ப்பு' என்று இரண்டாகப் பிரித்துவிடுவதே பெரிய தவறு. மற்ற பிழைகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பழைய பிரெஞ்சிலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்த இச்சொல், அப்போதே இரண்டு வேலை செய்தது. மனிதரைச் சொல்லும்போது உற்சாகம், களிப்பு. துணி, பூ, கொடி ஆகியவற்றைச் சொல்லும்போது கண்ணைப் பறிக்கும் நிறம், பகட்டு. 17ஆம் நூற்றாண்டில் இதன்மேல் இன்னொரு நிழல் படிந்தது: கட்டுப்பாடில்லாத சிற்றின்ப நாட்டம். 1703இல் வந்த நிக்கோலஸ் ரோவின் நாடகத்தில் வரும் 'கே லொத்தாரியோ' மகிழ்ச்சியான மனிதன் மட்டுமல்ல, பெண்களைக் கெடுப்பவன். அந்தப் பெயரே பின்னால் பெண்பித்தருக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணை 'கே' என்றால் பல இடங்களில் அவர் பாலியல் தொழிலில் இருப்பவர் என்று பொருள். 'கே ஹவுஸ்' என்பது விலைமாதர் இல்லம். 1857இல் பஞ்ச் இதழில் ஜான் லீச் வரைந்த கேலிச்சித்திரத்தில், இரவில் லண்டன் தெருவில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் 'எவ்வளவு காலமாக நீ கே?' என்று கேட்கிறாள். 'எவ்வளவு நாளாக மகிழ்ச்சியாக இருக்கிறாய்?' என்று பெயர்த்தால் படமே செத்துவிடும். இன்றைய பொருளில் பெயர்த்தாலும் அதே கதிதான். 'இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனை நாளாகிறது?' என்பதே சரி.

களிப்பும் வரம்பு மீறலும் ஒரே சொல்லில் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல. 'களித்தறியேன் என்பது கைவிடுக' என்ற குறளில் (928) களித்தல் என்பது கள்ளுண்டு மயங்குதல். அதை 'மகிழ்ந்ததே இல்லை என்று சொல்லாதே' என்று படித்தால் கள்ளுண்ணாமை அதிகாரம் என்ன ஆகும்? விக்டோரியா காலத்து ஆங்கிலத்தில் 'கே' என்பதை வெறும் மகிழ்ச்சியாகப் படிப்பதும் அதே வகைப் பிழை.

இன்றைய பொருளைப் பழைய பாட்டில் ஏற்றுவது

எதிர்த்திசைத் தவறு இன்னும் பரவலானது. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்க் கவிதையில், இத்தகைய மலர்க்கூட்டத்தின் நடுவே கவிஞன் 'கே' ஆகாமல் இருக்க முடியாது என்றொரு வரி உண்டு. வகுப்பறையில் சிரிப்பு எழும் இடம் அது. 1807 பதிப்பில் அந்தக் கூட்டத்துக்குச் 'சிரிக்கும்' என்று அடைமொழி தந்த கவிஞர், 1815இல் அதைக் 'களிகொண்ட' என்னும் பொருள் தரும் சொல்லாக மாற்றினார். 'கே' மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு பதிப்பிலும் அடுத்திருக்கும் சொல்லே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது: உள்ளம் துள்ளுதல்.

1938இல் வெளியான யேட்ஸின் 'லேபிஸ் லசூலி' கவிதை இன்னும் நுட்பமானது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாயகர்களான ஹாம்லெட்டும் லியரும் 'கே' என்கிறார் அவர். அழிவை நேருக்கு நேர் பார்த்த பிறகும் அணையாத ஓர் ஊக்கத்தைச் சொல்ல வருகிறார். இங்கே 'குஷி', 'ஜாலி' இரண்டும் பொருந்தா. 'களிப்பு' ஓரளவு தாங்கும்.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் 1882ஆம் ஆண்டு நூல் தனிக் கவனம் கேட்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 1910இல் 'மகிழ்வான ஞானம்' என்ற பொருளில் ஒரு தலைப்பு அமைந்தது. 1974இல் மொழிபெயர்ப்பாளர் வால்டர் காஃப்மன் 'தி கே சயின்ஸ்' என்று வைத்தார். அவர் பிடித்தது பழைய பொருளைத்தான். தெற்குப் பிரான்சின் பாணர்கள் தங்கள் கவிக்கலையை 'கே சபேர்' என்று அழைத்தார்கள் ('சபேர்' என்றால் அறிவு). அதே பெயரில் 1323இல் துலூஸ் நகரில் ஒரு கவிஞர் அவை தோன்றியது. ஆகவே தலைப்பின் முதல் சொல்லில் பாலீர்ப்பைத் தேடுவது பிழை என்றால், இரண்டாம் சொல்லை 'அறிவியல்' என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதும் பிழை. 'களிகொள் அறிவு' போன்ற ஒன்று நெருங்கி வரும்.

அமெரிக்கர்கள் 1890களைக் குறிக்கும் 'கே நைன்டீஸ்' கொண்டாட்டமும் படாடோபமும் நிறைந்த பத்தாண்டு என்ற பொருளில் பின்னாளில் திரும்பிப் பார்த்து வைத்த பெயர். 'உல்லாசத் தொண்ணூறுகள்' என்றால் போதும்.

'நாங்களும் உங்களைப் போல நல்லவர்களே' என்பதன் சுருக்கம் என்று நம்புவது

ஜி, ஏ, ஒய் ஆகிய எழுத்துகள் 'குட் ஆஸ் யூ' என்பதன் முதலெழுத்துகள் என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றுகிறது. முழக்கமாக அது அழகானதுதான். சொற்பிறப்பாக அது தவறு. சொல் இடைக்காலத்திலேயே இருந்தது. விரிவு 20ஆம் நூற்றாண்டில் அதற்குப் பொருத்தப்பட்டது.

1920 முதல் 1970 வரை: அவசரப்பட்டு முடிவு செய்வது

மொழிபெயர்ப்பவரை உண்மையில் திணறவைக்கும் ஐம்பது ஆண்டுகள் இவை. தன்பாலீர்ப்புள்ளவர்களிடையே இச்சொல் குழூஉக்குறியாகப் புழங்கியது. வெளியுலகம் அதே சொல்லை மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கெர்ட்ரூட் ஸ்டைன் 1922இல் இரண்டு பெண்களைப் பற்றிய சிறுகதையில் இதை மீண்டும் மீண்டும் அடுக்குகிறார். 1938இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில், பெண்ணின் இரவு அங்கியை மாட்டிக்கொண்டு நிற்கும் கேரி கிராண்ட், திடீரென்று தான் 'கே' ஆகிவிட்டதாகக் கத்துகிறார். குழூஉக்குறி அறிந்தவர்களுக்காகச் சொன்னதா, கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதே சமயம் 1960இல் தொடங்கிய ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாட்டு குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்காகவே இச்சொல்லைத் தயக்கமில்லாமல் பாடியது.

இந்தக் காலப் பிரதியில் ஒரே பொருளைத் தேர்ந்து மற்றதை மறைத்துவிடக் கூடாது. முதலில் ஆண்டையும் நாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சொல் எதற்கு அடைமொழியாகிறது என்று பாருங்கள்: நிறம், விருந்து, இசை, நகரம் என்றால் பெரும்பாலும் பழைய பொருள், 'மதுக்கூடம்', 'கூட்டம்', 'வாழ்க்கை' என்றால் நின்று யோசிக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக, பன்மையாக வந்தால் புதிய பொருள் என்றே கொள்ளலாம். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பது கடைசிச் சோதனை. இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைப் பொருள் நின்றால், உரையில் மேலோட்டமான பொருளை வைத்து, மறைபொருளை அடிக்குறிப்பில் சொல்லலாம்.

1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, அந்தக் குழூஉக்குறி அமைப்புகளின் பெயரிலும் ஊர்வலப் பதாகைகளிலும் ஏறியது. ஆனால் 1970க்குப் பிறகு எல்லா அச்சிலும் புதிய பொருளே என்று கோடு போட முடியாது. நியூயார்க் டைம்ஸ் இச்சொல்லைத் தன் நடையில் ஏற்றுக்கொண்டது 1987இல்தான். அதுவரை அது எழுதிய 'ஹோமோசெக்சுவல்' 1869இல் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் அச்சில் கொண்டுவந்த சொல். மருத்துவமும் சட்டமும் அதைத் தங்களதாக்கிக்கொண்டதால் நோயின் வாடை ஏறிவிட்டது. அந்த வாடையில்லாத சொல் வேண்டியிருந்தது.

தேடி மாற்றும் கருவியை நம்புவது

2008இல் ஓர் அமெரிக்கச் செய்தித் தளத்தின் தானியங்கிக் கருவி 'கே' என்று வந்த இடமெல்லாம் 'ஹோமோசெக்சுவல்' என்று மாற்றிக்கொண்டே போய், ஓட்டப்பந்தய வீரர் டைசன் கேயின் குடும்பப்பெயரையும் மாற்றிவிட்டது. ஹிரோஷிமாவில் குண்டு வீசிய விமானத்துக்கு விமானி தன் தாயின் பெயரான 'எனோலா கே' என்பதையே வைத்தார். 2025இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நீக்குவதற்காகக் குறித்துவைத்த படங்களில் அந்த விமானமும் சிக்கியிருந்தது.

மொத்தமாக மாற்றும் பொத்தானை இச்சொல்லுக்கு அழுத்தவே கூடாது. பெரிய எழுத்தில் தொடங்குபவற்றைத் தனியே எடுத்து மனிதப் பெயரா, இடப்பெயரா என்று பாருங்கள். பிறகு மீதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதிலிருந்து பிறந்த 'கெய்ட்டி' என்ற பெயர்ச்சொல் பழைய மகிழ்ச்சிப் பொருளைவிட்டு நகரவே இல்லை என்பதையும் நினைவில் கொள்க. ரகுபதி வெங்கையா 1914இல் சென்னையில் கட்டிய கெயிட்டி திரையரங்கின் பெயர் அதுதான்: கேளிக்கை.

பழைய பாட்டைத் 'திருத்துவதும்' வேண்டாம். 2010இல் ஆஸ்திரேலியப் பள்ளி ஒன்று குக்கபரா பறவைப் பாட்டிலும், 2013இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று கிறிஸ்துமஸ் பாட்டிலும் இச்சொல்லை எடுத்துவிட்டு 'ஃபன்' என்று போட்டன. இரண்டுமே கண்டனத்துக்கு உள்ளாயின. பழைய சொல்லை நீக்குவதே, புதிய பொருளில் ஏதோ அசிங்கம் இருப்பதுபோல் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. இந்தச் சொல்லுக்கு முன்பு வேறு பொருள் இருந்தது என்று அரை நிமிடம் சொன்னால் குழந்தைகளுக்குப் புரியும்.

இன்றைய பொருளைத் தமிழில் தவறாகச் சொல்வது

'ஓரினச்சேர்க்கையாளர்' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மனிதரின் ஈர்ப்பை, வாழ்க்கையை, காதலை அது ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பாளர்' என்பது துல்லியமும் மரியாதையும் உள்ள சொல். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களில் எழுதுபவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 'கே' என்பதைத் 'திருநங்கை' என்று பெயர்ப்பது வெறும் பிழை: முன்னது யார்மீது ஈர்ப்பு என்பதைச் சொல்கிறது, பின்னது தன் பாலினம் எது என்பதைச் சொல்கிறது. பெண்களும் தங்களை 'கே' என்று சொல்லிக்கொள்வதுண்டு. ஆகவே ஆண் விகுதியைத் தானாகச் சேர்க்காதீர்கள்.

வசனம் பெயர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. ஆங்கிலப் பதின்வயதினர் பிடிக்காத பொருளை 'சோ கே' என்று இகழும்போது அவர்கள் சொல்ல வருவது 'மொக்கை'. அப்படியே போட்டால் பொருள் சரிதான், ஆனால் மூலத்தில் இருக்கும் சிறுமைப்படுத்தல் காணாமல் போகும். காட்சியில் அந்த இகழ்ச்சி யாரையும் தொடவில்லை என்றால் 'மொக்கை' போதும். அருகில் நிற்கும் ஒரு பாத்திரம் அதைக் கேட்டு முகம் சுருங்குகிறது என்றால் போதாது. அங்கே 'கே' என்ற ஒலியையே தமிழ் வசனத்திலும் வைத்துவிடுங்கள், அந்த முகம் ஏன் சுருங்கியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.