துணையை வீட்டில் பார்த்துக்கொள்ளக் கிடைக்கும் பணம்: அமெரிக்காவில் வரி எப்படி?

படுக்கையில் விழுந்த கணவரையோ மனைவியையோ வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்பது இதுதான்: இந்த உழைப்பைச் சம்பளம் என்று காட்டி வரியில் ஏதாவது மிச்சம் பிடிக்க முடியுமா? அமெரிக்க வரிச் சட்டத்தில் இதற்குப் பதில் வேண்டுமென்றால், பணம் யாருடையது என்று முதலில் பாருங்கள். குடும்பத்துப் பணமா, அரசுப் பணமா, காப்பீட்டுப் பணமா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

குடும்பத்துப் பணம் என்றால் சம்பளம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்பேன். வீட்டில் ஆள் வைத்துக் கொடுக்கும் சம்பளம் சொந்தச் செலவு, கொடுப்பவர் அதைத் தன் வருமானத்தில் கழிக்க முடியாது. வாங்குபவருக்கோ அது வரிக்குரிய வருமானம். ஆக, கூட்டாக ரிட்டர்ன் (ஆண்டு வரிக் கணக்கு) தாக்கல் செய்யும் தம்பதி ஒருமுறை வரி கட்டிய பணத்துக்கு மறுபடியும் வரி கட்டுவார்கள், அவ்வளவுதான் லாபம். அதே பணத்தைச் சும்மா ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றினால் வரி கிடையாது. (வாங்குபவர் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் என்றால் மட்டும் ஆண்டு வரம்பு உண்டு, 2025-க்கு அது 1,90,000 டாலர்; தாண்டினால் அன்பளிப்பு வரிக்கான படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டும்.)

இல்லை, முறையாகச் சம்பளமே கொடுக்கிறோம் என்கிறீர்களா? சரி. வீட்டு வேலைக்கு என்று துணைக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் கிடையாது, கூட்டரசின் வேலையின்மை வரியும் கிடையாது. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்-இன் வெளியீடு 926 இதைத் தெளிவாகவே சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வரி கட்டாததால் பார்த்துக்கொள்கிறவர் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட்டும் ஏறாது. தன் உழைப்பில் ஓய்வுக்கால ஓய்வூதியம் பெற 40 கிரெடிட் வேண்டும் என்பதால், நடு வயதில் வேலையை விட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஓய்வுக்காலச் சேமிப்புக்காகத்தான் இந்தச் சம்பளம் என்றால் அதற்கும் தேவையில்லை: கூட்டாக ரிட்டர்ன் போட்டால், ஒருவருடைய வருமானத்தை வைத்தே மற்றவர் பெயரிலும் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம்.

மருத்துவச் செலவாகக் கழிக்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணவனோ மனைவியோ செய்யும் நீண்டகாலப் பராமரிப்புக்குக் கொடுத்த பணம் மருத்துவச் செலவாகாது, அவர் அந்தச் சேவைக்கு உரிமம் பெற்றவராக, உதாரணமாகப் பதிவு பெற்ற நர்ஸாக, இருந்தால் தவிர. அப்போதும் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிக்கிறவர்களுக்கே இது பயன்படும், அதிலும் மொத்த மருத்துவச் செலவில் உங்கள் ஏஜிஐ-யின் (சில கழிவுகளுக்குப் பிந்தைய மொத்த வருமானம்) 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிதான் கழியும். படிவம் 2441-இல் கேட்கும் பராமரிப்பு வரிச் சலுகையிலும் துணைக்குக் கொடுத்த பணம் சேராது.

உண்மையில் வழி இருப்பது, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டில்தான். சில மாநிலங்கள் துணைக்கே பராமரிப்புக் கூலி கொடுக்கின்றன, கலிஃபோர்னியாவின் வீட்டுப் பராமரிப்புத் திட்டமான ஐஎச்எஸ்எஸ் அப்படிப்பட்டது. உங்கள் மாநிலத்தில் உண்டா என்று மெடிகெய்டு கேஸ் மேனேஜரிடம் நேரடியாக, "கணவன் மனைவிக்கும் கொடுப்பீர்களா" என்றே கேளுங்கள், ஏனென்றால் குடும்பத்தினருக்குக் கொடுத்துவிட்டு துணையை மட்டும் விலக்கும் திட்டங்களும் உண்டு. வரி விஷயத்தில் ஐஆர்எஸ்-இன் நோட்டீஸ் 2014-7 உங்கள் பக்கம்: மெடிகெய்டு வெய்வர் திட்டத்தில் (பராமரிப்பு இல்லத்துக்குப் பதில் வீட்டிலேயே பராமரிக்கப் பணம் தரும் திட்டம்), பராமரிக்கிறவரும் பராமரிக்கப்படுகிறவரும் ஒரே வீட்டில் வசித்தால், அந்தக் கூலிக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை. ஐஎச்எஸ்எஸ்-இல் இருப்பவர்கள் எஸ்ஓசி 2298 என்ற படிவத்தைக் கொடுத்துவிட்டால், அந்தத் தொகை ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2-வின் 1-ஆம் எண் கட்டத்தில் வரிக்குரிய சம்பளமாக வராது. அப்படியும் வந்துவிட்டால் பதற வேண்டாம்: வருமான வரிப் படிவமான 1040-இல் அதை அப்படியே காட்டிவிட்டு, அதன் இணைப்பான ஷெட்யூல் 1-இல் 8எஸ் என்று எண்ணிட்ட இடத்தில் கழித்துவிடலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வரி இல்லாத இந்தப் பணத்தை, சம்பாதித்த வருமானத்துக்கான சலுகையான இஐசி-யைக் கணக்கிடும்போது மட்டும் வருமானமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2019-இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐஆர்எஸ்-உம் அதை ஏற்றுக்கொண்டது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இது பெரிய தொகை, குழந்தைகள் இருந்தால் இன்னும் கூடுதல்.

துணை முன்னாள் ராணுவத்தினர் என்றால் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையான விஏ-வின் குடும்பப் பராமரிப்பாளர் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், அதில் வரும் மாத உதவித்தொகைக்கு வரி கிடையாது.

அப்புறம் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. செலவு ரசீதைப் பார்த்துப் பணம் தரும் பாலிசிகள் பெரும்பாலும் குடும்பத்தினர் செய்யும் பராமரிப்பை ஏற்பதில்லை. நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகத் தருபவை அப்படியல்ல, பணத்தை எப்படிச் செலவழித்தாலும் கேட்க மாட்டார்கள். வரித் தகுதியுள்ள பாலிசியாக இருந்தால் 2025-க்கு நாளொன்றுக்கு 420 டாலர் வரை வரி இல்லை. ஆண்டு முடிந்ததும், கொடுத்த தொகையைக் காட்டும் 1099-எல்டிசி படிவம் வரும். வரி இல்லைதானே என்று அதைத் தூக்கி ஓரமாகப் போடாமல் படிவம் 8853-இல் நிரப்பிக் காட்டுங்கள்.

முந்தைய ஆண்டுகளில் வெய்வர் பணத்துக்கு வரி கட்டியிருந்தால் திருத்தப் படிவமான 1040-எக்ஸ் போட்டுத் திரும்பக் கேட்கலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம், அதனால் மிகப் பழைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள்.