மை50 பாஸ் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

மை50 என்பது மலேசியாவில் கோலாலம்பூர் வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்கான பாஸ். 30 நாளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், ரேப்பிட் கேஎல் பேருந்து எதிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் புறநகர் ரயிலான கேடிஎம் கொமுட்டரில் செல்லாது. கிள்ளான், ரவாங், சிரம்பான் பக்கமிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வருபவர்களின் பணம் கரைவது அங்கேதான்.

முதலில் கணக்கைப் போடுங்கள். 22 வேலை நாள் என்றால் 44 பயணம். ஒருவழிக் கட்டணம் 1 வெள்ளி 14 சென்னுக்கு மேல் இருந்தால் பாஸ் லாபம். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு ஏறக்குறைய 26 பயணம், அவருக்கு 1.92க்கு மேல் இருந்தால்தான் லாபம். அறுபது வயதைத் தாண்டிய மலேசியர்கள் சலுகை அட்டையில் பாதிக் கட்டணம்தான் கட்டுகிறார்கள், அதனால் அந்தப் பாதியை வைத்தே பார்க்க வேண்டும். அவர்களில் பலருக்குப் பாஸ் தேவைப்படாது.

வாங்குவது எளிது. மைகார்டு அடையாள அட்டையையும், முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டையையும் எல்ஆர்டி அல்லது எம்ஆர்டி நிலைய முகப்புக்குக் கொண்டுபோனால் அந்த அட்டையிலேயே பாஸை ஏற்றித் தருவார்கள். மலேசியர்களுக்கு மட்டும்தான். அட்டை காலாவதியாகிவிட்டதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமையில் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். திங்கள் முதல் வியாழனுக்குள் தொடங்கினால் 30 நாளில் 22 வேலை நாள் கிடைக்கும், சனிக்கிழமை தொடங்கினால் 20தான். தீபாவளி விடுமுறைக்கு முதல் நாள் போய்ப் புதுப்பிப்பது வீண்.

இனி கொமுட்டர். 2015 டிசம்பரில் கிலோமீட்டருக்கு 11 சென்னிலிருந்து 15 சென்னாக ஏற்றினார்கள். தூரத்துக்கு ஏற்ற கட்டணம் என்பதால், கொமுட்டரில் போகும் தூரத்தைக் குறைப்பதுதான் வழி. கிள்ளானிலிருந்து நகர மையமான கேஎல்சிசி போகிறவர் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை கொமுட்டரில் போகாமல், சுபாங் ஜெயாவிலேயே இறங்கி எல்ஆர்டியின் கிளானா ஜெயா தடத்துக்கு மாறலாம். ஒருவழிக்கு 1.50 குறைந்தாலே 44 பயணத்துக்கு 66 வெள்ளி மிச்சம். ஆனால் எல்ஆர்டி சுற்றிப்போகும், நிலையத்துக்கு நிலையம் நிற்கும், நேரம் பிடிக்கும். காலையில் அவசரமென்றால் சென்ட்ரல் வரை போய்விட்டு, மாலையில் மட்டும் சுபாங் ஜெயா வழியாகத் திரும்புங்கள். இதுவே எங்கள் பரிந்துரை.

மாறும்போது கொமுட்டர் வாசலில் அட்டையைத் தொட்டு வெளியேறி, எல்ஆர்டி வாசலில் மறுபடி தொட வேண்டும். கொமுட்டர் கட்டணம் பாஸில் அல்ல, அதே அட்டையின் மீதியில் கழியும். "பாஸ்தான் இருக்கே" என்று மீதியைக் காலியாக விட்டால் கொமுட்டர் வாசல் திறக்காது. டச் அண்ட் கோ இ-வாலட் செயலியில் இருக்கும் பணமும் தானாக அட்டைக்கு வராது. என்எஃப்சி வசதியுள்ள புது அட்டையாக இருந்தால் கைப்பேசியிலேயே பணம் ஏற்றலாம். பழைய அட்டைக்குச் சில கடைகள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கட்டணம் வாங்குகின்றன, ஆகவே பத்துப் பத்து வெள்ளியாக ஏற்றாதீர்கள்.

கடைசியாக, நிலையத்திலிருந்து வீட்டுக்கு கிரேப் வாடகைக் கார். தினமும் எடுத்தால் பாஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும். 'T' என்று தொடங்கும் எண் கொண்ட இணைப்புப் பேருந்து பாஸிலேயே அடக்கம். பாஸ் இல்லாதவருக்கும் 1 வெள்ளிதான். இரவில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.