அபூர்வ ஃபிலிம் கேமராவின் ஏல மதிப்பைக் கணிப்பது எப்படி?

முதலில் சீரியல் எண், அப்புறம் அது யார் கையில் இருந்தது என்பதற்கான ஆதாரம். ஜெர்மானிய லைக்கா கேமராவின் ஆரம்பகால முன்மாதிரிகளான 0 வரிசையில் 122ஆம் எண் 2018இல் 24 லட்சம் யூரோவுக்குப் போனது. அதே வரிசையின் 105, லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் சொந்தமாகப் பயன்படுத்தியது என்பதால், 2022இல் 1.44 கோடி யூரோவைத் தொட்டது.

தங்க முலாம் லைக்கா கிடைத்தால் மயங்கிவிடாதீர்கள். லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் ஃபெட், ஜோர்க்கி கேமராக்களை மாற்றிச் செய்த போலிகள் ஏராளம். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள், ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் அமைப்பு) நெம்புகோலின் முனையில் லைக்காவில் சிறிய உருளை இருக்கும், ஃபெட்டில் பெரும்பாலும் ஆப்பு வடிவத் தகடுதான்.

நினைவுப் பதிப்பா? பெட்டியும் சான்றிதழும் இல்லையென்றால் விலை நன்றாகவே இறங்கும். ஒப்பிடும்போது விற்றுமுடிந்த விலையை மட்டும் எடுங்கள், அதில் ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.