எர்த் ராடு அடித்தால் மட்டும் போதாது

புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கிறது எங்கள் வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாத மாலையொன்றில் எதிர்த் தோப்புப் பனைமரத்தில் இடி விழுந்தது. ஆன்டெனாக் கம்பத்தின் அடியில் 3 மீட்டர் எர்த் ராடு, அதாவது மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் உலோகக் கம்பி, அடித்திருந்தேன். ஆனாலும் பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேச நான் வைத்திருந்த ஹாம் வானொலிப் பெட்டியும் பவர் சப்ளையும் கருகிப்போயின.

தவறு என்னுடையது. கம்பத்தின் எர்த்தை வீட்டு எர்த்துடன் நான் இணைக்கவில்லை. 10 ஓம் மின்தடையுள்ள ராடில் 20,000 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ராடு 2 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். வீட்டு எர்த்தோ அப்படியே இருக்கும். பக்கத்தில் விழும் இடிகூட மண் வழியே பரவி, இரண்டு எர்த்துகளுக்கும் இடையே பெரிய மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். அன்று அவற்றை இணைத்த ஒரே பாதை என் மேசைமேல் இருந்த பெட்டிதான்.

பிறகு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். தாமிரப் பூச்சுள்ள, 17 மில்லிமீட்டர் தடிமனுள்ள 3 மீட்டர் ராடுகள் மூன்று வாங்கினேன். ஒன்றுக்கொன்று 6 மீட்டர், அதாவது ராடின் நீளத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விடுங்கள். நெருக்கமாக அடித்தால் ஒரே மண்ணையே அவை பங்குபோட்டுக்கொள்ளும், பலன் குறையும். தண்ணீர்க் குழாயோ கேபிளோ புதைந்திருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது அடிப்பது நல்லது. அடிப்பதற்கு முன்பே கிளாம்பை ராடில் மாட்டிவிடுங்கள். சம்மட்டி பட்டுத் தலை மலர்ந்துவிட்டால் பிறகு அது நுழையாது. எங்கள் ஊரில் செம்புறாங்கல் பெரும் தொல்லை. இரண்டாவது ராடு 1.2 மீட்டரிலேயே நின்றுவிட்டது. அதை அறுத்துவிட வேண்டாம். பிடுங்கி ஓரடி தள்ளி அடித்துப் பாருங்கள், அல்லது சாய்வாக இறக்குங்கள். எனக்கு இரண்டும் பலிக்கவில்லை. கடைசியில் கடப்பாரையால் 75 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ராடைப் படுக்கவைத்துப் புதைத்தேன். குழியில் உப்புக் கொட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உப்பு மழையில் கரைந்தோடும், உலோகத்தையும் அரிக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டனைட் களிமண்ணே மேல்.

இணைப்புக்கு 25 மில்லிமீட்டர் அகலமுள்ள தாமிரப் பட்டையைப் பயன்படுத்தினேன். மின்னல் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்குள் உச்சத்துக்கு எழும்புவது. அதற்குக் கம்பியின் தடையைவிட அதன் தூண்டலே, அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் பண்பே, பெரிய தடை. எனவே பட்டை அகலமாகவும், குட்டையாகவும், கூர்மையான மடிப்பு இல்லாமலும் போகட்டும். வளைக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக வளைத்துவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே கிளாம்பை முறுக்குங்கள். ஈயப்பற்று மட்டும் வேண்டாம், மின்னலின் சூட்டில் உருகிவிடும்.

ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவரின் வெளிப்புறம் ஒரு தாமிரத் தகடு பொருத்தி, கேபிளில் வரும் மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் அரெஸ்டரை அதில் திருகினேன். ராடுகளின் பட்டையும் வானொலிப் பெட்டியின் எர்த்தும் அந்தத் தகட்டில்தான் சேர்கின்றன. அங்கிருந்து மெயின் பலகையின் எர்த் முனைக்கு 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி. இந்த வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டியது. எந்தக் காரணத்துக்காகவும் நியூட்ரலில் இணைத்துவிடாதீர்கள்.

மண் நன்றாகக் காய்ந்திருக்கும் சித்திரையில் எர்த் டெஸ்டரால் அளந்தேன். தனி ராடு 31 ஓம் காட்டியது. மூன்றையும் சேர்த்தபோது 13 ஓம். இப்போதும் இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் கிளாம்புகளைத் திறந்து பார்க்கிறேன். சென்ற முறை படுக்கைவச ராடின் கிளாம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தேய்த்துத் துடைத்து மறுபடி முறுக்கினேன்.