ஏற்றத்தில் ஒரு வீல்சேர்: கைவைக்கும் முன்

மலை ரயில் கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் குன்னூர் ஏறுகிறது. அங்கே அதிகபட்சச் சரிவு 12 அடிக்கு 1 அடி ஏற்றம். கட்டடங்களில் வீல்சேருக்குக் கட்டும் சாய்தளம் எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம் என்பதற்கு விதி வைத்திருக்கும் வரம்பும் அதே 12க்கு 1தான். ரயிலுக்கே பல் கேட்கும் சரிவில் ஒருவர் இரண்டு கைகளை நம்பி ஏறுகிறார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பல சந்துகள் இதைவிடச் செங்குத்து.

ஆள் 70 கிலோ, நாற்காலி 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12க்கு 1 சரிவில் பின்னுக்கு இழுப்பது சுமார் 7 கிலோ. 6க்கு 1 என்றால் 14 கிலோ. பார்க்கிறவர்களுக்குக் கை பரபரக்கும். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து ஒரு தள்ளு. அப்போது அவர் விழக்கூடும். ஏறும்போது அவர் உடம்பை முன்னால் சாய்த்து, சக்கரத்துக்கு வெளியே உள்ள வளையத்தைப் பிடித்து உந்துகிறார். எதிர்பாராத தள்ளு வந்தால் வளையம் கையைவிட வேகமாக ஓடும், விரல் கம்பிகளுக்குள் போகும். முன்னால் உள்ள சின்னச் சக்கரம் ஒரு கல்லில் முட்டினால் நாற்காலி நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார்.

ஆகவே முதலில் முன்பக்கமாக, அவர் கண்ணில் படுகிற இடத்துக்கு வாருங்கள். “ஏங்க, தள்ளிவிடணுமா?” இது போதும். “வேணாங்க” என்றால் நகர்ந்துவிடுங்கள். ஏறி முடிக்கிறாரா என்று பத்தடி பின்னால் தொடர்ந்து வருவதும் தொந்தரவுதான். நாற்பது வயதுக்காரரைச் சின்னப் பையன்போல “நீ, வா, போ” என்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வாயில் வழக்கமாக அண்ணா, அக்கா என்று வருமானால் இவருக்கும் அதுவே. கூட ஒருவர் வந்திருந்தால் கேள்வி முழுக்க அவரிடம் போய்விடும்: “இவருக்கு டீயில சர்க்கரை போடலாமா?” டீ குடிக்கப்போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

டீ என்றதும் இன்னொன்று. அவருக்கு இரண்டு கையும் சக்கரத்தில் வேண்டும். பிரேக் போட்டுக்கொள்ளும்வரை பொறுத்து, பிறகு கிளாஸைக் கையில் கொடுங்கள், அல்லது பக்கத்துப் பெஞ்சில் வையுங்கள். மடியில் வைத்துவிடாதீர்கள். தண்டுவடம் அடிபட்டவர்களில் பலருக்குத் தொடையில் உணர்ச்சி இருக்காது. கொதிக்கும் கிளாஸ் தோலைச் சுட்டாலும் தெரியாது, வீட்டுக்குப் போய்க் கொப்புளத்தைப் பார்த்தபின்தான் தெரியும். குளிருக்காகக் கரியடுப்பை அவர் காலருகே நகர்த்தி வைக்கிற அன்பிலும் இதே ஆபத்து. தண்டுவடத்தில் மேல்பகுதியில் அடிபட்டிருந்தால் உடம்பு தானாகச் சூட்டைக் காத்துக்கொள்ளாது. பனிமூட்டத்தில் நிறுத்தி “எப்படி ஆச்சு? பிறவியிலேயா?” என்று கதை கேட்பது மரியாதைக்கேடு மட்டும் இல்லை, அவரைக் குளிரில் நிற்கவைப்பதும்கூட.

சரி, “தள்ளுங்க” என்று சொல்லிவிட்டார். கைப்பிடியின் ரப்பர் உறையை ஒருமுறை திருகி இழுத்துப் பாருங்கள். சாரலில் நனைந்தால் அது உருவிக்கொண்டு வரும். உங்கள் பையை அதில் மாட்டாதீர்கள். ஏற்றத்தில் ஏற்கெனவே எடை பின்னால் போயிருக்கும், அதில் பையும் தொங்கினால் மல்லாந்துவிடும். முழங்கையை லேசாக மடக்கி, உடம்பைச் சாய்த்து, சின்னச் சின்ன அடியாக ஏறுங்கள். மூச்சு வாங்கினால் நாற்காலியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பிப் பிரேக் போட்டு, லாரிக்குப் போடுவதுபோல் கீழ்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். அப்போதும் கையை எடுக்க வேண்டாம். இந்தப் பிரேக் ஓட்டத்தைக் குறைப்பதற்கல்ல, நின்றதைப் பிடித்துவைக்க மட்டும்தான். டயரில் காற்று குறைந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ அதுவும் வழுக்கும்.

இறக்கம்தான் அதிகக் கவனம் கேட்பது. செங்குத்தான இடத்தில் நாற்காலியைத் திருப்பி, அவர் முகம் மேட்டைப் பார்க்க, நீங்கள் கீழே நின்று பின்வாங்கி நடக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால், இடுப்புக்கு மேல் பிடிமானம் இல்லாதவர் வழுக்கி விழுவார். உங்கள் முதுகுப்பக்கம் வண்டி வருகிறதா, யூகலிப்டஸ் சருகு நனைந்து கிடக்கிறதா என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். சாக்கடை மூடிக் கம்பிகளில் சின்னச் சக்கரம் சிக்கும். நாற்காலியைச் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கிக் கடத்துங்கள்.

சமதளம் வந்ததும் சொல்லாமல் கையை எடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர் நீங்கள் பிடித்திருப்பதாக நினைத்துக் கையை மடியில் வைத்திருப்பார். “விடட்டுமா?” என்று கேட்டு, அவர் கை வளையத்துக்கு வந்தபின் விடுங்கள்.

படி என்றால் மூன்று பேராவது வேண்டும். ஏறும்போது நாற்காலியின் முதுகு படியைப் பார்க்க வேண்டும். இறங்கும்போது அவர் முகம் கீழ்ப்பக்கம். இரண்டிலும் பின்னால் சாய்த்தபடியே. பலசாலி மேல்படியில் கைப்பிடியில், மற்ற இருவரும் கீழே இரு பக்கமும். பிடிக்க வேண்டியது பக்கவாட்டுச் சட்டக் குழாயை. கைவைக்கும் கட்டையும் கால்மிதியும் கழற்றி மாட்டுகிற சாமான்கள். தூக்கினால் உங்கள் கையோடு வந்துவிடும். ஒன்று, இரண்டு என்று அவரே எண்ணட்டும். மோட்டார் வீல்சேரைத் தூக்கவே தூக்காதீர்கள், பேட்டரியோடு 50 கிலோவைத் தாண்டுவது சகஜம்.

பஸ்ஸில் ஏற்றும்போது நாற்காலியை மடக்க, மெத்தையை முதலில் எடுத்துவிட்டு இருக்கைத் துணியின் நடுவைப் பிடித்து மேலே இழுங்கள். அந்த மெத்தை தலையணை இல்லை, புண் வராமல் காக்கிற சாமான். அதன்மேல் யாரும் உட்காரக் கூடாது. விரிக்கும்போது உள்ளங்கையால் குழாயை அழுத்துங்கள், விரலைச் சுற்றிப் பிடித்தால் நசுங்கும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சாலை பெரும்பாலும் சமம், அதனால் வீல்சேருக்கு நல்ல இடம். அங்கே தொல்லை குதிரைச் சாணி. டயரில் ஒட்டினால் வளையத்துக்கும் அங்கிருந்து உள்ளங்கைக்கும் வரும். “முன்னாடி சாணி இருக்குங்க” என்று முன்கூட்டிச் சொல்வது தள்ளிவிடுவதைவிடப் பெரிய உதவி. பள்ளத்தாக்கு ஓர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் கம்பியோரம் நிற்கிறவர்கள் கொஞ்சம் விலகினால் போதும். உட்கார்ந்திருப்பவர் கண் ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கிறது, அவருக்குப் பள்ளத்தாக்குக்குப் பதில் உங்கள் ஸ்வெட்டர்தான் தெரியும்.

கையில் பத்து ரூபாயைத் திணிப்பது, கேட்காமல் வீடியோ எடுப்பது: இரண்டும் வேண்டாம். கேலி செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92. பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலும், அவர் பயன்படுத்தும் உதவிச் சாதனத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தினாலும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

யாராவது விழுந்துவிட்டால் உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கே அடி, எப்படித் தூக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வலிக்கவில்லை என்று சொன்னாலும், காலில் உணர்ச்சி இல்லாதவர் என்றால் கால் வீங்குகிறதா, கோணியிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்; எலும்பு முறிந்திருந்தாலும் வலி தெரியாது.